காமாலையின் முதல் வாரம்

சேராப்பட்டிலோ இன்னாட்டிலோ ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால் வீட்டில் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். வேரோடு பிடுங்கி, அலசி, மைய அரைத்து, மோரில் கரைத்து விடியற்காலை வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். உப்பில்லை, புளியில்லை, தாளிப்பில்லை. பத்தியம் முடியும்வரை ஆஸ்பத்திரிப் பேச்சே எழாது. "காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கிடையாது" என்ற பேச்சு கல்வராயன் மலைமேல் மட்டும் இருப்பதல்ல. அடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் கேட்கலாம், கள்ளக்குறிச்சியில் கேட்கலாம், சென்னையில் நன்கு படித்தவர்கள் வாயிலும் கேட்கலாம்.

அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. நம் ஊர்களில் காமாலை என்று வருபவற்றில் பெரும்பங்கு அசுத்தமான தண்ணீர் வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் ஈ வைரஸ்களின் வேலை. அவற்றைக் கொல்ல வழக்கத்தில் தனி மருந்து இல்லை. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். இறங்கும்போது வீட்டில் எந்த மருந்து நடந்துகொண்டிருக்கிறதோ அதற்குப் பெயர் கிடைக்கும். நூறு பேருக்குக் குணமானதைக் கண்ட வைத்தியர் நூற்றியோராவது ஆளுக்கும் அதையே தருகிறார். அந்த ஆளுக்கு வந்திருப்பது வேறு காமாலையாக இருந்தால் என்ன ஆகும் என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி.

நம் ரத்தச் சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள் வாழ்கிறது. அது சிதையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி மிஞ்சுகிறது. கல்லீரல் அதைத் தண்ணீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றிப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்புகிறது. ஒரு நாளைக்குச் சுரக்கும் பித்தநீர் 600 மில்லி முதல் ஒரு லிட்டர் வரை. குடலில் உள்ள பாக்டீரியாக்கள் பிலிரூபினை வேறொரு பொருளாக மாற்றுகின்றன. மலத்தின் பழுப்பு நிறம் அந்தப் பொருளின் நிறமே. ஆகவே ஒவ்வொரு காலையும் மலம் பழுப்பாக இருப்பது, பித்தநீர் குடலை வந்தடைகிறது என்பதற்கான அத்தாட்சி.

பித்தநீர் வரும் பாதையை விளங்கிக்கொள்ளக் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு ஒரு வரைபடம் கையிலேயே இருக்கிறது. கல்வராயன் மலையின் மடிப்புகளில் பிறக்கும் ஓடைகள் ஒன்றோடொன்று கூடி, கீழிறங்கி, கோமுகி ஆறாகி, கச்சிராயபாளையம் அருகே அணையை அடைகின்றன. கல்லீரலுக்குள்ளும் நுண்ணிய நாளங்கள் அப்படித்தான் கூடிக்கூடி, வலக்கிளை, இடக்கிளை என்று இரண்டாகத் திரண்டு, கல்லீரலின் வாசலில் ஒன்று சேர்கின்றன. சேர்ந்த குழாய் வழியில் பித்தப்பையின் கிளையை வாங்கிக்கொண்டு, கணையத்தின் தலைப்பகுதியைத் துளைத்து, முன்சிறுகுடலில் திறக்கிறது. இந்தப் பாதையின் உட்சுவரில் எங்கு வேண்டுமானாலும் புற்று பிறக்கலாம். கல்லீரலுக்குள் மேலோடைகளில் பிறப்பது ஒருவகை. இரு கிளைகளும் கூடும் இடத்தில் பிறப்பது இன்னொருவகை. பித்தநாளப் புற்றுநோய்களில் பாதிக்கு மேல் இதுவே. கூடலுக்குக் கீழே, கணையத்தை ஒட்டிப் பிறப்பது மூன்றாவது.

மேலோடையில் பிறப்பது சத்தமில்லாமல் வளரும். ஒரு சிற்றோடை அடைபட்டாலும் மற்றவை ஓடிக்கொண்டிருப்பதால் கண் மஞ்சளாகாது. பல சென்டிமீட்டர் வளர்ந்தபின் மேல்வயிற்றுப் பாரமாகவோ எடைக்குறைவாகவோ தெரியவரும். கூடலில் பிறப்பது அப்படியல்ல. ஓரிரு சென்டிமீட்டரே இருந்தாலும் மொத்த ஓட்டத்தையும் மறித்துவிடும். மஞ்சள் உடனே வெளியே தெரியும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர் ஜெரால்டு கிளாட்ஸ்கின் 1965-ல் இத்தகைய 13 நோயாளிகளின் வரலாற்றை வெளியிட்டார். இந்தக் கட்டிகள் சிறியவை என்பதும், நோயாளியை வீழ்த்துவது பெரும்பாலும் புற்றின் பரவல் அல்ல, அடைப்பும் அதன் பின்விளைவுகளுமே என்பதும் அவருடைய கட்டுரையால் மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தன. இன்றும் அந்த இடத்துப் புற்றுக்கு அவர் பெயரே வழங்குகிறது.

இதிலிருந்து எனக்குக் கிடைக்கும் முடிவு இது: கூடலிலும் அதற்குக் கீழும் வரும் புற்றுக்குக் காமாலையே முன்னறிவிப்பு. வயிற்றுக்குள் ஆழத்தில் வளரும் புற்றுகளில் இத்தனை சிறிய அளவிலேயே தன்னைக் காட்டிக்கொடுப்பவை மிகக் குறைவு. காட்டிக்கொடுத்தபின் அதைப் பத்தியத்தில் கரைத்துவிடுவதுதான் துயரம்.

வைரஸ் காமாலையையும் அடைப்புக் காமாலையையும் பிரித்தறிய முதல் கருவி கண்தான், அதுவும் கழிப்பறையில். பித்தநீர் குடலுக்கு வராவிட்டால் மலம் நிறமிழந்து களிமண்போல் வெளுக்கும். போக வழியில்லாத பிலிரூபின் ரத்தத்தில் திரும்பி, நீரில் கரையக்கூடியது என்பதால் சிறுநீரோடு வெளியேறும், சிறுநீர் கரும்பழுப்பாகும். பித்த உப்புகள் தேங்கித் தோலில் அரிப்பெடுக்கும். இரவில் தூங்கவிடாத அரிப்பு. கொழுப்பைச் செரிக்கப் பித்தநீர் இல்லாததால் வைட்டமின் கே உடலில் சேராது, பல் துலக்கினால் ரத்தம் கசியும். இவை அடைப்புக் காமாலையின் குறிகள். காய்ச்சல், குமட்டல், சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு என்று ஒரு வாரம் படுத்து, அதன்பின் கண் மஞ்சளாகும் இளவயதுக்காரருக்குப் பெரும்பாலும் வைரஸ் காமாலை. நாற்பதைக் கடந்தவருக்குக் காய்ச்சலோ வலியோ இல்லாமல், அரிப்போடும் வெளுத்த மலத்தோடும் மஞ்சள் ஏறிக்கொண்டே போனால் அடைப்பு என்றே தொடங்க வேண்டும். வைரஸ் காமாலையிலும் சில நாள் மலம் வெளுக்கலாம், அதனால் இந்தக் குறி தீர்ப்பல்ல. ஆனால் ஸ்கேனுக்கு அனுப்ப இதுவே போதும்.

இதில் இன்னொரு பொறி உண்டு. பித்தநாளம் குடலில் திறக்கும் வாயிலேயே ஒரு புற்று வருவதுண்டு. அதன் மேற்பகுதி சில சமயம் அழுகி உதிரும், அடைப்பு சற்றுத் திறக்கும், மஞ்சள் குறையும். மலத்துக்கும் நிறம் திரும்பும். அந்த நாட்களில் கீழாநெல்லி குடித்துக்கொண்டிருந்தவர் மருந்து கேட்டுவிட்டது என்று நம்புவதில் என்ன தவறு? வீட்டாரும் நம்புவார்கள். இரண்டு மாதத்தில் மஞ்சள் திரும்பும்போது மறுபடியும் அதே மருந்தைத் தேடுவார்கள். குடல்வாய்ப் புற்று பித்தப்பாதைப் புற்றுகளிலேயே அறுவை சிகிச்சைக்கு மிக நன்றாகக் கட்டுப்படுவது என்பதால், அந்த இரண்டு மாதம் பெரிய இழப்பு.

கீழாநெல்லியை நான் ஏளனம் செய்யவில்லை. அதை உலக மேடைக்குக் கொண்டுபோனதே சென்னைதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக நோபல் பெற்ற பரூச் பிளம்பெர்க்கோடு சேர்ந்து, 1988-ல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அந்த வைரஸைத் தாங்கியிருந்தவர்களில் கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேருக்கு அதன் மேற்புற ஆன்டிஜன் ரத்தத்திலிருந்து மறைந்தது. வெற்று மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. பின்னர் பல நாடுகளில் நடந்த சோதனைகளில் இந்த வெற்றி திரும்பக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அது வைரஸைப் பற்றிய சேதி. குழாயை இறுக்கி வளரும் கட்டியைத் திறக்க எந்தப் பச்சிலையாலும் எந்த மாத்திரையாலும் ஆகாது. கீழாநெல்லி உடலைக் கெடுப்பதில்லை, நாட்களைத்தான் எடுத்துக்கொள்கிறது.

கள்ளக்குறிச்சியில் நாட்களைத் தின்னும் இன்னொன்றும் உண்டு. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் மருத்துவமனைகளும் புதுச்சேரி ஜிப்மரும் அந்த வாரம் நிரம்பின. போலீஸ் கல்வராயன் மலையில் சாராய வேட்டைக்கு ஏறியது. அதன்பின் இந்த வட்டாரத்து ஆண் ஒருவருக்குக் கண் மஞ்சளானால் கேட்பவர் வாயில் முதலில் வருவது "குடிப்பாரா?" என்பதே. குடிப்பார் என்றால் விசாரணை அங்கேயே முடிந்துவிடும்: "குடிச்சு குடிச்சு ஈரல் போச்சு." கேட்க வேண்டிய கேள்விதான் அது, குடி கல்லீரலை அழிப்பதும் உண்மை. ஆனால் குடிப்பவருக்குப் பித்தநாளம் அடைக்காது என்று யார் சொன்னது? சொல்லப்போனால், குடியால் சுருங்கிப்போன கல்லீரல் பித்தநாளப் புற்றுக்கும் வழிவிடுகிறது. குடிகாரர் என்ற பெயரே நோயறிதலாகி, ஒரு ஸ்கேன்கூட எடுக்கப்படாமல் ஒருவர் வீட்டுக்கு அனுப்பப்படுவது மருத்துவப் பிழை மட்டுமல்ல, அநீதியும்கூட.

அடுத்த படி ரத்தம். பிலிரூபின் மொத்த அளவு டெசிலிட்டருக்கு இரண்டரை, மூன்று மில்லிகிராமைத் தாண்டும்போதுதான் கண்ணில் மஞ்சள் தெரியும். வைரஸ் காமாலையில் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதி பல நூறு, சில சமயம் ஆயிரங்களில் ஏறும். அடைப்பில் அது ஓரளவே ஏறும். ஆல்கலைன் பாஸ்படேஸ், ஜி.ஜி.டி. என்ற மற்ற இரு நொதிகளும் பல மடங்கு ஏறும். காமாலை வருவதற்கு முன்பே நோயைப் பிடிக்க ஒரு வாய்ப்பும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. கூடலில் தொடங்கும் புற்று, மொத்த ஓட்டத்தையும் மறிக்குமுன், சில காலம் இடக்கிளையையோ வலக்கிளையையோ மட்டும் மறிப்பதும் உண்டு. மறுபக்கக் கல்லீரல் மொத்த பிலிரூபினையும் வெளியேற்றிவிடுவதால் கண் வெள்ளையாகவே இருக்கும். ஆனால் அடைபட்ட பக்கம் ஆல்கலைன் பாஸ்படேஸைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வேறு எதற்கோ எடுத்த பரிசோதனையில் இந்த ஒன்று மட்டும் உயர்ந்திருப்பதைக் கண்டு, "பிலிரூபின் நார்மல், பயப்பட ஒன்றுமில்லை" என்று தாளை மடித்து வைத்துவிடுவது வழக்கம். மடிக்கக் கூடாது. ஜி.ஜி.டி.யும் சேர்ந்து உயர்ந்திருந்தால் கல்லீரலை ஸ்கேனில் பார்த்தாக வேண்டும்.

ஸ்கேன் என்றால் கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அதே அல்ட்ராசவுண்டுதான். ஆரோக்கியமான கல்லீரலுக்குள் நாளங்கள் கண்ணுக்குப் படாத அளவு மெல்லியவை. அடைப்புக்கு மேலே தேங்கும்போது அவை விரியும். ரிப்போர்ட்டில் "ஐ.எச்.பி.ஆர். டைலேட்டட்" என்று எழுதியிருந்தால் அர்த்தம் இதுதான். பொதுப் பித்தநாளத்தின் அகலம் "சி.பி.டி." என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் மில்லிமீட்டரில் இருக்கும்; சுமார் 6 வரை இயல்பு. முதியவர்களுக்கும் பித்தப்பை எடுத்தவர்களுக்கும் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். அடைப்பு எங்கே என்பதைப் பித்தப்பை சொல்லும். உள்நாளங்கள் விரிந்து, பித்தப்பை சுருங்கிக் கிடந்தால் அடைப்பு கூடலில். பித்தப்பையும் புடைத்திருந்தால் அடைப்பு கீழே. ஸ்விஸ் அறுவை மருத்துவர் லுட்விக் கூர்வாசியே ஸ்கேன் இல்லாத 1890-லேயே இதன் மறுபாதியைக் கவனித்துச் சொன்னார்: காமாலையோடு பித்தப்பை கையால் தொட்டுணரும்படி புடைத்திருந்தால் காரணம் கல்லாக இருக்க வாய்ப்புக் குறைவு. மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் மருத்துவரின் கைக்கு இன்றும் இது உதவும்.

ஸ்கேனிலும் ஒரு வழுக்குப்பாறை உண்டு: பித்தப்பைக் கல். அது மிகப் பலருக்கு இருக்கும், எந்தத் தொல்லையும் தராமலே. ஸ்கேனில் கல் தெரிந்ததும் "கல் இருக்கு, அதான் காமாலை" என்று முடித்துவிடுகிறார்கள். பித்தப்பைக்குள் கிடக்கும் கல் பொதுவாகப் பித்தநாளத்தை அடைப்பதில்லை. கல் நாளத்துக்குள் இருக்கிறதா, நாளம் எந்த இடத்தில் திடீரென்று முடிகிறது என்பவையே கேட்க வேண்டியவை. குடல் வாயு மறைத்து நாளத்தின் கீழ்முனை தெரியாவிட்டால் ரிப்போர்ட்டில் அப்படியே எழுதியிருப்பார்கள். தெரியவில்லை என்பதை இல்லை என்று வாசிக்கக் கூடாது.

நாளம் விரிந்திருப்பது உறுதியானால் அடுத்தது, ரத்தநாளங்களையும் காட்டும் சி.டி. ஸ்கேனும், எம்.ஆர்.சி.பி. எனப்படும் காந்தப்படமும். எம்.ஆர்.சி.பி. 1990-களில் பயன்பாட்டுக்கு வந்தது. உடலில் எந்தக் குழாயையும் நுழைக்காமல், தேங்கிய பித்தநீரையே ஒளிரவைத்து முழு நாளமரத்தையும் வரைந்து காட்டும். இந்த இடத்தில்தான் அவசரம் கெடுதல் செய்கிறது. மஞ்சளையும் அரிப்பையும் குறைக்க, உடனே எண்டோஸ்கோப்பி வழியாக ஸ்டென்ட் என்ற சிறுகுழாயை வைத்துவிடுவார்கள். ஸ்டென்ட் வைத்ததும் விரிந்த நாளங்கள் சுருங்கிவிடும், குழாய்ச் சுவர் வீங்கித் தடிக்கும். அதன்பின் எடுக்கும் படத்தில் புற்று எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிரிப்பது கடினம். கிருமியற்றிருந்த பித்தநீரில் கிருமியும் புகுந்துவிடும். குளிர்காய்ச்சலோடு சீழ்த்தொற்று இருந்தால் காத்திருக்க முடியாது, அடைப்பை உடனே திறந்தாக வேண்டும். மற்றபடி படம் முதலில், ஸ்டென்ட் பிறகு. எத்தனை முறை சொன்னாலும் தகும்.

படத்தில் குறுகல் தெரிந்தபின்னும் அது புற்றுதானா என்பதைச் சொல்வது மருத்துவத்தின் கடினமான வேலைகளில் ஒன்று. இந்தப் புற்று நார்த்திசு மண்டியது, செல்கள் குறைவு. எண்டோஸ்கோப்பி வழியாகத் தூரிகையால் சுரண்டி எடுத்துப் பார்த்தால் பாதிப் பேரிடமாவது புற்றுச்செல் அகப்படாமல் போகும். எனவே "பயாப்சி நெகட்டிவ்" என்பது விடுதலைப் பத்திரம் அல்ல. சிஏ 19-9 என்ற ரத்தக்குறியும் அப்படித்தான். வெறும் அடைப்பும் தொற்றுமே அதை எகிறவைக்கும். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு அந்தப் பொருளைச் செய்யும் மரபணு வசதியே இல்லை. புற்று எவ்வளவு வளர்ந்தாலும் அவர்களுக்கு அது உயராது. மறுபுறம், ஐ.ஜி.ஜி.4 என்ற எதிர்ப்புப்புரதம் சார்ந்த அழற்சி புற்றைப் போலவே நாளத்தைச் சுருக்கும், அது ஸ்டீராய்டுக்கே கரைந்துவிடும். தேர்ந்த மையங்களிலும்கூட, கூடல்புற்று என்று அறுத்தெடுத்தவற்றில் சுமார் பத்தில் ஒன்று புற்றல்ல என்று பின்னால் தெரியவருகிறது. இவ்வளவு மயக்கம் இருப்பதால் முடிவு ஒற்றை மருத்துவர் கையில் இருக்கக் கூடாது. படம் வாசிப்பவரும் எண்டோஸ்கோப்பி செய்பவரும் அறுவை மருத்துவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும் இடத்துக்கு நோயாளி போய்ச்சேர வேண்டும்.

தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. இரைப்பை-குடல் அறுவை மருத்துவத்தைச் சென்னை மருத்துவக் கல்லூரியில் தனித்துறையாக வேரூன்றச் செய்தவர் என். ரங்கபாஷ்யம். அதே சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையும் இத்துறையில் பேர்பெற்றது. கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் என்றால் புதுச்சேரி ஜிப்மர். முழுதாக அகற்றுவதே இந்தப் புற்றுக்கு நிலையான குணம் தரும் வழி. அது கண்டறியப்படுபவர்களில் சிறுபான்மையினருக்கே இன்று வாய்க்கிறது. அகற்றியபின் ஆறு மாதம் கேபசிடபின் மாத்திரை தருவது பலனளிக்கும் என்று பிரிட்டனில் நடந்த பில்கேப் ஆய்வு 2019-ல் காட்டியது. முற்றிய நோய்க்கான கீமோவோடு 2022 முதல் நோயெதிர்ப்பு மருந்தும் சேர்ந்திருக்கிறது. இவை ஆயுளை நீட்டுகின்றன. ஆனால் முதல் வாரத்தில் இழந்ததை இவற்றால் ஈடுகட்ட முடியாது.

அப்படியானால் மலைமக்கள் எல்லாரையும் ஸ்கேன் செய்துவிடலாமா? ஒரு நாடு அதைச் செய்கிறது. தாய்லாந்தின் வடகிழக்கில் பச்சை ஆற்றுமீனை மசாலா சேர்த்து உண்ணும் கோய் பிளா என்ற பண்டம் உண்டு. மீனில் இருக்கும் கல்லீரல் தட்டைப்புழு மனிதப் பித்தநாளத்தில் ஆண்டுக்கணக்கில் குடியிருந்து புற்றை விதைக்கிறது. உலகிலேயே இந்நோய் மிக அதிகம் அங்கேதான். கோன் கேன் பல்கலைக்கழகம் 2013-ல் தொடங்கிய திட்டம் நாற்பது வயது தாண்டிய கிராமத்தாரை அல்ட்ராசவுண்டில் பார்த்துவருகிறது. அதன் முன்னோடிகளில் ஒருவரான அறுவை மருத்துவர் நாரோங் குன்டிகேவ் தன் தாய் தந்தை இருவரையும் இந்தப் புற்றுக்கே பறிகொடுத்தவர். நம் ஊரில் கோமுகி அணை மீனும் புளிக்குழம்பில் கொதித்துத்தான் இலைக்கு வருகிறது. தமிழ்நாட்டில் இந்நோய்க்குக் காரணம் அந்தப் புழுவல்ல. இங்கே இது அரிய நோய். அரிய நோய்க்காக எல்லாரையும் ஸ்கேன் செய்தால் வீண் பயமும் வீண் செலவுமே மிஞ்சும் என்பது என் கருத்து. பிறவியிலேயே பித்தநாளம் பை போல் விரிந்தவர்கள், கல்லீரலுக்குள்ளேயே கல் கட்டுபவர்கள், நாளங்கள் தழும்பேறிச் சுருங்கும் நோய் உள்ளவர்கள், நாட்பட்ட ஹெபடைடிஸ் பி அல்லது சி உள்ளவர்கள் ஆகியோரைத் தொடர்ந்து கவனித்தால் போதும். மற்றவர்களுக்குக் காமாலையின் முதல் வாரமே பரிசோதனைக் காலம்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. அதற்குமுன் மலைமேலுள்ள வெள்ளிமலைக்காரருக்கு மாவட்டத் தலைநகர் என்றால் விழுப்புரம். 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. தூரம் குறைந்திருக்கிறது, ஆனால் கரியாலூரிலிருந்து மலைப்பாதையில் இறங்கி ஒரு நாள் கூலியை விட்டு வருவது இன்னும் எளிதல்ல. அப்படி வருபவரை "அடுத்த வாரம் ஸ்கேனுக்கு வா" என்று திருப்பி அனுப்பினால் அவர் வரமாட்டார். அன்றே ரத்தம், அன்றே ஸ்கேன் என்று வைப்பது மருத்துவமனையின் கடமை. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுவீடாக ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அந்தப் பணியாளர்களும் கிராம சுகாதார செவிலியர்களும் கண் மஞ்சளானவரிடம் "மலம் என்ன நிறம்? அரிப்பு இருக்கா?" என்று கூச்சமில்லாமல் கேட்கப் பழக வேண்டும். செலவில்லாத கேள்விகள் இவை.

வாசிப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளானால் அன்றைக்கே மலத்தையும் சிறுநீரையும் பாருங்கள். மலம் வெளுத்து, சிறுநீர் கறுத்து, உடம்பு அரித்தால், வயது நாற்பதைத் தாண்டியிருந்தால், குடிப்பவரானாலும் குடிக்காதவரானாலும், அந்த வாரத்துக்குள் ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுத்துவிடுங்கள். நாளம் விரிந்திருப்பதாக ரிப்போர்ட் வந்தால், ஸ்டென்ட் வைக்கும் முன் சி.டி.யும் எம்.ஆர்.சி.பி.யும் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். எடுத்த படங்கள் எல்லாவற்றையும், காப்பீட்டு அட்டையையும் சேர்த்து, ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.